கல்யாணக் காரில் ஒட்டிய பசை

பெண்ணை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அழுவதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. இது யார் வீட்டு அண்டா, இது யார் வீட்டு ஜமக்காளம் என்று அடையாளம் பார்த்துப் பார்த்து இரவல் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பது இருக்கிறதே, அது தனியாக ஒரு கல்யாணம்! போன வைகாசியில் கும்பகோணத்தில் என் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அண்டாவும் ஜமக்காளமும் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டன. திருப்பிக் கொடுக்க முடியாமல் வாசலில் நின்றது ஒரே ஒரு இரவல் சாமான்தான். அது என் நாத்தனார் வீட்டுக் கார்.

நாத்தனாரை நான் அண்ணி என்றும், அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவது வழக்கம். அண்ணன் பஸ் டெப்போவில் பெயிண்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய அடர் சிவப்புக் கார் அது. தினமும் காலையில் அதைத் துடைத்த பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும். அப்படிப்பட்டவர் தாமாகவே வந்து, "மருமகளுக்கு வாடகைக் காரா? நம்ம காரிலேயே வரட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு பழங்கதை உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு என் அம்மா சீராகக் கொடுத்த வெண்கலப் பானையை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அதன் இடுப்பில் ஒரு நெளிசல். நான் சும்மா இருந்திருக்கலாம். "இரவல் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ஒன்றரை வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை. பிறகு சரியாகிவிட்டதுதான். ஆனால் சொன்ன நானும் மறக்கவில்லை, கேட்ட அண்ணியும் மறந்திருக்க மாட்டார்.

இப்போது காருக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த பையன் நூலையும் நாரையும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் பஞ்சு டேப்பை முன் பானட்டில் வரிசையாக ஒட்டி, அதன்மேல் ரோஜாவைப் பதித்தான். கதவுகளில் அகலமான பார்சல் டேப். பானட்டின் நடுவில் மணமக்கள் பெயரைத் தங்கக் காகித எழுத்தாக வெட்டிக் கோந்து போட்டு ஒட்டியிருந்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கத்திரி வெயில் காலம், மண்டபத்து வாசலில் நிழல் கிடையாது. கார் அங்கே இரண்டு பகல் காய்ந்தது. பிறகு எங்கள் வாசலில் ஒரு பகல்.

மூன்றாம் நாள் காலை பூவைப் பிய்த்தோம். டேப்பின் மேல்தாள் மட்டும் கையோடு வந்தது, பசை காரிலேயே தங்கிவிட்டது. பானட்டில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பஞ்சுத் திட்டுகள், கதவில் பழுப்பாக நாலு நீளக் கோடுகள். அதன்மேல் தெருப்புழுதி வேறு படிந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாள் அண்ணனும் அண்ணியும் காரை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கல்யாண வீட்டில் யோசனைக்கா பஞ்சம்! பாத்திரம் தேய்க்கும் அம்மாள் பச்சை நாரைக் கொண்டுவந்து, "ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும்" என்றாள். எதிர்வீட்டுப் பையன் பெட்ரோல் என்றான். என் வீட்டுக்காரர் சவர பிளேடை எடுத்து வந்தார். நல்லவேளை, அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்திய நான் செய்தது என்ன? பெரிய மகளின் பெட்டியிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்துப் பஞ்சில் நனைத்து, பின்கதவில் ஒரு கோட்டின்மேல் தேய்த்தேன். நகத்தில் காய்ந்த சாயத்தையே அழிப்பது இந்தப் பசையை அழிக்காதா என்று நினைப்பு.

பசை போயிற்று. பஞ்சைப் பார்த்தேன். சிவப்பு! குங்குமத்தில் தோய்த்து எடுத்த மாதிரி. கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பெண் புகுந்த வீட்டில் எப்படி இருக்கிறாளோ என்று கவலைப்பட வேண்டியவள், காரின் கதவை நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன். வெண்கலப் பானை வேறு கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடைக்குப் போய், தூரிகை கழுவும் டர்பன்டைன் அரை லிட்டர் வாங்கி வந்தார். கடைக்காரர் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதற்குப் பாட்டில் கேட்டாராம். இவர் வழியில் கிடைத்த காலி கூல்டிரிங்க் பாட்டிலை நீட்டியிருக்கிறார். பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. அதை வாசல் படியில் வைத்துவிட்டுப் பழந்துணி தேட உள்ளே போனார். நான் அந்தச் செத்துப்போன கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரிய மகள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயது. எங்களில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேர், அந்த வாசலிலேயே இருந்தோம்.

ஆட்டோ வந்து நின்றது. அண்ணி இறங்கினார். இறங்கிய வேகத்தில், "ஐயோ பிள்ளை!" என்று ஒரு கூச்சல்.

மூடியை எப்படித் திறந்தானோ! பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் சாய்த்துக்கொண்டிருந்தான் பேரன். அண்ணி பாய்ந்து பிடுங்குவதற்குள் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு வீறிட்டு அழுகை. வாயருகே முகர்ந்து பார்த்தேன், அதே நெடி.

என் மாமியார் உள்ளேயிருந்து, "உப்புத் தண்ணி கரைச்சுக் கொடு, வாந்தி வரட்டும்" என்று சத்தம் போட்டார். மகள் அவன் தொண்டைக்குள் விரலை விடப் போனாள். அண்ணிதான் அவள் கையைத் தட்டிவிட்டார். "வேணாம்! மண்ணெண்ணெய் குடிச்ச பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இது அதே சாதி எண்ணெய்தானே. முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணு." குழந்தை டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள், உடம்பில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

108-க்குப் போன் செய்யலாமா என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அண்ணன் சாவியை வாங்கிக் காரை எடுத்துவிட்டார். பானட்டெல்லாம் பசைத் திட்டு, பாதி எழுத்து கிழிந்த தங்கக் காகிதம், கதவில் சிவப்புச் செத்த வட்டம். அந்தக் காரில்தான் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறு மணி நேரம் கண்ணெதிரிலேயே வைத்திருந்தார்கள். இந்த எண்ணெய் வகைகள் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன், தின்னர் எல்லாம் மிகவும் இளகலானவை. குடிக்கும்போது புரையேறினாலோ, வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் சில சொட்டு இறங்கினாலோ போதும், நுரையீரல் புண்ணாகி நிமோனியா மாதிரி வந்துவிடுமாம். உப்புத் தண்ணீர் இன்னொரு தீமை. சின்னக் குழந்தைக்கு அதிக உப்பு விஷத்துக்குச் சமம் என்றார். வீட்டுக்கு அனுப்பினாலும் இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல், அசந்து தூங்குதல் எது வந்தாலும் மறுபடி கொண்டுவரச் சொன்னார். கடவுள் புண்ணியத்தில் எங்கள் பிள்ளை விழுங்கியது கொஞ்சம்தான் போலிருக்கிறது. சாயங்காலம் நர்ஸின் மேஜையிலிருந்து பிஸ்கட்டைக் கேட்டு வாங்கித் தின்றான். அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

அண்ணன் அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "டெப்போவில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே, குடிக்கிற பாட்டில்ல தின்னர் ஊத்தாதேங்கிறதுதான், மாப்பிள்ளை." அவ்வளவுதான். காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நான்தான் எடுத்தேன். மறுநாள் பேரன் வழக்கம்போல் விஷமம் செய்ய ஆரம்பித்த பிறகு, அந்தக் கதவைக் காட்டி, "அண்ணா, இது என் கையால் வந்த வினை" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு சிரித்தாரே பார்க்கணும்!

"கார் கம்பெனி அடிச்ச பெயிண்டா இருந்தா, துடைச்ச உடனே இப்படிப் பஞ்சுல கலர் வராதும்மா. மேலே நிறமில்லாத கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தலைமுடி கனம்கூட இருக்காது, ஆனா அதுதான் காவல். இந்தக் கதவு வெளியே எங்கேயோ அடிச்சது. போன வருஷம் நான் திருப்பதி போயிருந்தப்ப உங்க மருமகன் எங்கேயோ உரசிட்டு, எனக்குத் தெரியாம ஒட்டுக்கடையில அடிச்சு வச்சிருக்கான். வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அவனா சொல்லுவான்னு ஒரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

நீங்களே சொல்லுங்கள், இந்த மாதிரி மனிதர்களிடம் இரவல் வாங்கினால் பயமாக இருக்குமா, வெட்கமாக இருக்குமா?

அந்தத் திரவம் கம்பெனிப் பெயிண்டையும் விடாதாம். கொஞ்ச நேரம் ஊறினால் மேல்பூச்சு இளகி மங்கிப்போகும். தின்னரும் அப்படித்தான். பெட்ரோல் பெயிண்டையும் கெடுக்கும், அதன் ஆவி எங்கேயோ இருக்கிற அடுப்பை எட்டிப்பிடித்து எரியவும் செய்யும். டர்பன்டைனை விவரம் தெரிந்தவர்கள் துணியில் தொட்டுப் பயன்படுத்துவது உண்டு என்றார் அண்ணன். ஆனால் எங்கள் வீட்டில் இனி அந்த நெடியே வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு நாள், காலையில் வெயில் ஏறும் முன்பும் சாயங்காலம் நிழல் விழுந்த பிறகும், அண்ணன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதல் வேலை தண்ணீர். புழுதியோடு தேய்த்தால் அந்தப் புழுதியே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். அதனால் ஷாம்பூ கலந்த தண்ணீரில் காரை நன்றாகக் கழுவினோம். காகித எழுத்துகளின்மேல் ஈரத்துணியைப் போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டோம். வீட்டுக் கோந்து தண்ணீருக்கே மசிந்து, எழுத்துகள் அடை மாதிரி மெதுவாகப் பெயர்ந்து வந்தன.

பஞ்சு டேப்புத்தான் பிடிவாதக்காரி. மகளின் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டினேன். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும், அதற்கு மேல் கூடாது. டிரையர் இல்லாதவர்கள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே வைத்து வைத்து எடுக்கலாம். சூட்டில் பசை இளகியதும், மீன் பிடிக்கிற நைலான் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பஞ்சுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அறுப்பது போல் இழுத்தோம். வெண்ணெயில் நூல் விட்டது போல் வந்தது. மிச்சமிருந்த பிசினைக் கட்டை விரலால் உருட்டினால் சப்பாத்தி மாவு கையில் திரளுமே, அந்த மாதிரி உருண்டு வந்தது. உருளாத இடத்தில் அதே பார்சல் டேப்பில் புதுத் துண்டு ஒன்றை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தார் அண்ணன். பழைய பசை புதுப் பசையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. முள்ளை முள்ளால் எடுப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்! நெம்ப வேண்டிய இடத்தில் காலாவதியான ஏ.டி.எம். அட்டையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டோம். கத்தி, பிளேடு, கம்பிநார், பச்சை நார் எதையும் அவர் கிட்டே சேர்க்கவில்லை.

கதவிலிருந்த பார்சல் டேப்புப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். ஆமாம், தலைக்குத் தேய்த்துக்கொள்கிறோமே அதேதான். பழைய பனியன் துணியில் தாராளமாக ஊற்றிக் கோட்டின்மேல் போட்டு, கால் மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்க்கிறவர்கள்தான் கீறல் போடுகிறவர்கள். ரப்பர் கலந்த பசை எண்ணெய்க்கு இளகிக் கொழகொழவென்று ஆகிவிடும். பிறகு துணியால் ஒரே திசையில் வழிக்கலாம். வெயிலில் நன்றாகக் காய்ந்து இறுகிய கோடுகளுக்கு மூன்று முறை எண்ணெய் போட வேண்டியிருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது பொறுமைக்காரங்க வேலைம்மா. ரசத்துக்குப் புளி ஊறப் போட்டுட்டுக் காத்திருக்கிறீங்களே, அவ்வளவுதான்" என்றார்.

கடைசியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்ததற்கு மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு, ஒரு துடைப்பு. உடனே ஈரத்துணியால் இன்னொரு துடைப்பு. அதையும் நேரே காரின்மேல் ஊற்றவில்லை. முதலில் கதவின் உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பார்த்து, துணியில் கலர் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே. முன்விளக்கின் பிளாஸ்டிக் பக்கம் ஸ்பிரிட் போகவே கூடாது, மெல்லிய விரிசல் விட்டுவிடும் என்றார். நான் பாழாக்கிய கதவில் ஸ்பிரிட்டே தொடவில்லை, எண்ணெயோடு நிறுத்திக்கொண்டோம். எல்லாம் முடிந்ததும் மறுபடி ஷாம்பூக் குளியல். எண்ணெய் மிச்சமிருந்தால் தெருப்புழுதியெல்லாம் அங்கேயே வந்து குடியேறிவிடும். பிறகு தேய்த்த இடங்களில் மெழுகு பாலிஷ்.

ஊற வைத்துக் காத்திருந்த நேரத்தில் அண்ணன் ஒரு கதை சொன்னார். பெயிண்டர்கள் ஒட்டுகிற டேப் கார் பெயிண்டால்தான் பிறந்ததாம். அமெரிக்காவில் 1920-களில் இரண்டு வர்ணக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு வர்ணம் அடிக்கும்போது மற்றதை மறைக்கக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவார்கள். பிரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். உப்புத்தாள் மாதிரியைக் காட்டுவதற்காகப் பட்டறைக்குப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற 3எம் கம்பெனி இளைஞர், பெயிண்டர்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு, பெயிண்டை உரிக்காமல் பிரிந்து வருகிற டேப்பை 1925-ல் செய்து காட்டினார். நாம் பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற மாதிரியான கண்ணாடிக் காகித டேப்பையும் 1930-ல் அவரே கொண்டுவந்தார். "நாங்க பஸ்ஸுக்குக் கோடு போடுறப்ப ஒட்டுற டேப்பு அவர் புண்ணியம். அதை வேலை முடிஞ்ச உடனே பிரிச்சிடணும், வெயில்ல விட்டா அதுவும் சண்டித்தனம் பண்ணும்" என்றார். பூ அலங்காரப் பையனும் அன்று ராத்திரியே பிரித்திருந்தால் எங்களுக்கு இத்தனை பாடு இல்லை. சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுப் பிள்ளை ஸ்கூட்டரில் வந்தான். பின்கதவைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நான் அப்பாகிட்டே ஒரு விஷயம் சொல்லணும்" என்று என்னிடம் முணுமுணுத்தான். "போய்ச் சொல்லு, அவர் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்" என்று அனுப்பிவைத்தேன். அப்பாவும் பிள்ளையும் காருக்கு அந்தப் பக்கம் போய் நின்று என்னவோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயற்சி செய்யவில்லை. கதவில் பாலிஷ் போட்டுப் பார்த்தார்கள். முக்கால்வாசி சரியானது, ஒரு நிழல் மட்டும் நிற்கிறது. மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவை நாங்கள் தருகிறோம் என்றோம். அண்ணன் கேட்கவில்லை. பிள்ளையும் தானும் சேர்ந்து வீட்டிலேயே அடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

கார் கிளம்புகிற நேரம். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை உயிரைக் காப்பாற்றியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், சம்பந்தமே இல்லாமல், "அண்ணி, அந்த வெண்கலப் பானை விஷயத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். பதினெட்டு வருஷம் கழித்து! அண்ணி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

"அது எங்கே இருக்கு இப்ப?"

"பரணில்தான் இருக்கு."

"ஆவணியில எங்க வீட்டு மாடிக்குக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்ச அதையே எடுத்துக்கிட்டுப் போறேன், இறக்கிக் கொடு. இன்னொரு பக்கமும் நெளிஞ்சா ரெண்டு பக்கமும் சமமாயிடும்."

என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்து வரப் போனார்.